ஆளுக்கொரு பிளேட்

(தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஞாயிற்றுக்கிழமை கூடிய தாய்மார் கூட்டத்தில் மருத்துவமாது ஒருவர் ஆற்றிய உரை. பேசிய நடையை அதிகம் மாற்றாமல் தருகிறோம்.)



ஞாயிற்றுக்கிழமை என்றால் விறகு பொறுக்க வேணும், துணி துவைக்க வேணும், டவுனுக்குப் போக வேணும். அவ்வளவு வேலையையும் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற கூட்டத்தில் ஒரு அட்டைப் பெட்டியை வைத்து, வாயால் கேட்க வெட்கமாக இருக்கிற கேள்விகளைப் பேர் போடாமல் எழுதிப் போடச் சொல்லியிருந்தேன். வந்த துண்டுகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். "மறைவிடத்து முடியை எடுக்கத்தான் வேணுமா?" "எடுத்தா கொப்புளம் கொப்புளமா வருது, என்ன பூசுறது?" "பிள்ளை பெறப் போறப்ப எடுக்காம போனா ஏசுவாங்களாமே?" இப்படி. ஒரு துண்டில் சின்னப் பிள்ளைக் கையெழுத்தில், "மேல் உதட்டில் மீசை மாதிரி இருக்கு மிஸ்ஸி, ஸ்கூலுக்குப் போகப் பிடிக்கல" என்று இருந்தது.

இன்றைக்கு இதைத்தான் பேசப் போகிறேன் என்றதும் அண்ணன்மார் இரண்டு பேர் மெதுவாக நழுவப் பார்க்கிறார்கள். போகாதீங்க அண்ணே. வீட்டில் இருக்கிற பிளேட் முக்கால்வாசி உங்கள் பிளேட்தான். நீங்களும் கேட்க வேணும்.

முதலில் ஒன்று. முடி அழுக்கு இல்லை. கக்கத்திலும் மறைவிடத்திலும் வளர்கிற முடி, தோலும் தோலும் உரசிப் புண்ணாகாமல் காக்கிறது. நம்மைப் போல நாள் முழுக்க மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்குகிறவர்களுக்கு அது இருப்பது நல்லதே. வாடை வருவது முடியால் என்று நினைக்கிறோம். வேர்வையில் பெருகுகிற கிருமியால்தான் வாடை வருகிறது. மலையால் வந்ததும் சவுக்காரம் போட்டு வெளிப்பக்கம் மட்டும் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நன்றாகக் காய்ந்த உடுப்புப் போட்டால் போதும். உள்ளுக்குள் சவுக்காரம் போகக் கூடாது. டெட்டோலைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். அது தோலை எரித்துப் புண்ணாக்கிவிடும்.

ஆகவே எடுத்துத்தான் ஆக வேணும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எடுக்கிறதும் விடுகிறதும் அவரவர் விருப்பம். வீட்டுக்காரர் சொன்னார், மதினி சிரித்தாள் என்பதற்காகச் செய்ய வேண்டியதில்லை. எடுக்கிறதென்று முடிவு செய்தால் மட்டும், ஒழுங்காக எடுக்க வேணும்.

இன்னொரு பேச்சும் இருக்கிறது: ஒருமுறை சவரம் பண்ணினால் அடுத்த முறை தடிப்பாக, கறுப்பாக வளருமாம். இது சரியில்லை. அமெரிக்காவில் மில்ட்ரெட் ட்ரொட்டர் என்ற அம்மா 1928ஆம் ஆண்டே இதைச் சோதித்து, சவரத்தால் முடியின் தடிப்போ வளர்கிற வேகமோ மாறுவதில்லை என்று எழுதி வைத்துவிட்டார். தானாக வளர்ந்த முடிக்கு நுனி கூராக, மெலிசாக இருக்கும். பிளேட் வெட்டின முடிக்கு நுனி மொட்டையாக இருக்கும். கவ்வாத்து வெட்டின தேயிலை வாதைத் தொட்டால் கையைக் குத்துகிறதல்லவா, அது போலத்தான். வேர் என்னவோ அதே வேர்தான்.

இப்போது பிள்ளைத்தாச்சிகளுக்கு. இதைத்தான் நான் முக்கியமாகப் பேச வந்தேன்.

சில வருஷங்களுக்கு முந்தி, நான் வேலை பார்த்த வேறொரு தோட்டத்தில் நடந்தது. ஒரு தங்கச்சிக்கு இரண்டாவது பிரசவம். விடியக்காலம் மூன்று மணிக்குப் பன்னீர்க்குடம் உடைந்துவிட்டது. வீட்டுக்காரர் ஓடிப்போய் ஆட்டோவைக் கூட்டிவந்து லயத்துக்குக் கீழே நிறுத்திவிட்டார். தங்கச்சி மட்டும் வெளியே வரவில்லை. முதல் பிரசவத்தில் வார்டில் யாரோ, "இதெல்லாம் வீட்டிலேயே சுத்தம் பண்ணிட்டு வரத் தெரியாதா?" என்று நாலு பேருக்கு முன்னால் கேட்டுவிட்டார்களாம். அந்தச் சொல் மூன்று வருஷமாக மனசில் கிடந்திருக்கிறது. அன்றைக்குக் கரண்டும் இல்லை. குப்பி லாம்பு வெளிச்சத்தில், ஜன்னல் சட்டத்தில் செருகியிருந்த பழைய பிளேடை எடுத்து, வயிறு மறைக்கிற இடத்தில் கையால் தடவித் தடவிச் சவரம் பண்ணியிருக்கிறாள். மாமியார் கதவைத் தட்டத் தட்ட, "இந்தா வாறேன், இந்தா வாறேன்" என்று முக்கால் மணி நேரம். இரண்டு இடத்தில் வெட்டு.

தோட்டத்து ரோட்டைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாதி வழியில் ஆட்டோவுக்குள்ளேயே பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் தப்பியது அவர்கள் அதிர்ஷ்டம். ஆனால் வெட்டின இடம் சீழ் பிடித்து, சரியாக உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுக்க முடியாமல் அவள் பட்ட பாட்டை நான்தான் தினம் போய்ப் பார்த்தேன். அந்த முக்கால் மணி நேரம் எதற்காகப் போனது என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

சுகப்பிரசவத்துக்கு வருகிற தாய்க்கு வழக்கமாக முடி மழிப்பது வேண்டாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஒப்பரேஷன் செய்கிறவர்களுக்கும் 2016ஆம் ஆண்டு ஒன்று சொன்னார்கள்: முடியை எடுக்காமல் விடுவது நல்லது, கட்டாயம் எடுக்கத்தான் வேணும் என்றால் மெஷினால் கத்தரிக்கலாம், பிளேடால் மழிக்கக் கூடாது. ஏன் என்றால், எவ்வளவு கவனமாகச் சவரம் பண்ணினாலும் தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுகின்றன. கிருமிக்கு அது திறந்து வைத்த கதவு.

"அதெல்லாம் சரி மிஸ்ஸி, வார்டில கேட்கிறாங்களே?" என்பீர்கள். பழைய பழக்கம் சில இடங்களில் இன்னும் போகவில்லை, உண்மைதான். அதற்கு ஒரு வழி சொல்கிறேன். 36 கிழமை தாண்டினதும், கிளினிக்குக்கு வருகிறபோது என்னிடமோ டொக்டரிடமோ கேளுங்கள். நீங்கள் போகிற ஆஸ்பத்திரியில் என்ன வழக்கம் என்று விசாரித்துச் சொல்கிறோம். மனசு கேட்காவிட்டால், பகல் வெளிச்சத்தில், கழுவின கத்தரிக்கோலால் முடியைக் குட்டையாக வெட்டிவிடுங்கள். உங்கள் கைக்கு எட்டாவிட்டால் அம்மாவையோ அக்காவையோ வெட்டிவிடச் சொல்லுங்கள். தோலை ஒட்ட வெட்ட வேண்டாம், ஒரு விரல் அகலம் இருந்தால் போதும். வார்டில் யாராவது கேட்டால், "கத்தரியால வெட்டிட்டு வந்திருக்கேன், பிளேட் போட வேணாம்னு கிளினிக்கில சொன்னாங்க" என்று தலை நிமிர்ந்து சொல்லுங்கள்.

இடுப்புவலி வந்துவிட்டாலோ, பன்னீர்க்குடம் உடைந்துவிட்டாலோ, முடி பற்றிய நினைப்பே வேண்டாம். கிளினிக் கார்டும் துணிப்பையும் கையில், நீங்கள் வண்டியில். மாமியார்மார் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். மருமகள் உள்ளே என்ன செய்கிறாள் என்று கதவைத் திறந்து பாருங்கள்.

அடுத்தது அந்த ஜன்னல் சட்டத்துப் பிளேட்.

லயத்தில் வீட்டுக்கு வீடு பார்த்திருக்கிறேன். ஒரு பிளேட் சட்டத்திலோ, கூரைத் தகரத்தின் இடுக்கிலோ செருகியிருக்கும். அப்பா அதில் தாடி எடுப்பார். பெரியவன் அரும்பு மீசை எடுப்பான். அம்மா நகம் வெட்டுவாள். தங்கச்சி பாவாடைத் தையல் பிரிப்பாள், தம்பி பென்சில் சீவுவான். பிறகு அதையே இரண்டாக உடைத்து, விரலால் பிடித்துக்கொண்டு பெண்பிள்ளைகள் கக்கத்து முடி எடுப்பார்கள். ஒரு பிளேட், ஆறு பேர், மூன்று மாதம்!

இதில் பெரிய பயம் ஈரலைத் தாக்குகிற நோய். 'ஹெபடைடிஸ் பி' என்கிற கிருமி, உடம்புக்கு வெளியே, காய்ந்த இரத்தத்தில்கூடக் குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத துளி இரத்தம் போதும். இந்த நோய் உள்ளவருக்குப் பல வருஷம் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். அவர் நன்றாகச் சாப்பிடுவார், மலைக்குப் போவார், கொந்தரப்பும் வெட்டுவார். அவர் வைத்த பிளேடை எடுக்கிறவருக்குக் கிருமி போய்விடும். பிறகு மஞ்சள்காமாலை, ஈரல் கெட்டுப்போவது, ஈரலில் புற்றுநோய் என்று வரக்கூடும். இலங்கையில் பிள்ளைகளுக்குப் போடுகிற தடுப்பூசிகளோடு இதற்கான ஊசி 2003ஆம் ஆண்டில்தான் சேர்ந்தது. அதற்கு முந்திப் பிறந்தவர்கள், அதாவது இங்கே உட்கார்ந்திருக்கிற பெரியவர்களில் கூடுதலான பேர், சின்ன வயசில் அதைப் போடாதவர்கள். 'ஹெபடைடிஸ் சி' என்று இன்னொன்று இருக்கிறது. அதற்குத் தடுப்பூசியே கிடையாது.

வெந்நீரில் கழுவினால் சரியாகாதா என்று கேட்கிறார்கள். கழுவினால் இரத்தம் போனமாதிரித் தெரியும், அவ்வளவுதான். லாம்பு நெருப்பில் காட்டி எடுக்கிறதும் அப்படித்தான். நம்பக் கூடாது.

துருப்பிடித்த பிளேட் வெட்டினால் ஏற்புவலி வரும் என்று பயப்படுகிறோம். துருவில் அந்த நோய் இல்லை. மண்ணிலும் மாட்டுச் சாணியிலும் இருக்கிற கிருமி வெட்டுக்காயத்தில் புகுந்தால்தான் வரும். மரக்கறித் தோட்டத்தில் சாணி எரு போடுகிற கை, மாட்டுப் பட்டி கூட்டுகிற கை, அதே கையால் சட்டத்துப் பிளேடை எடுக்கிறோம். ஆழமாக வெட்டினால், பிளேட் புதுசோ பழசோ, டிஸ்பென்சரிக்கு வந்து ஊசி போட வேணுமா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

ஆகவே ஆளுக்கொரு பிளேட், ஆளுக்கொரு ரேசர். பல் விளக்குகிற பிரஸை யாராவது இரவல் கொடுப்போமா? இதுவும் அப்படித்தான். புருஷன் பெண்சாதிக்குள்ளும் வேண்டாம். பிளாஸ்டிக் பிடி போட்ட ரேசர் என்றால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், மாறிப்போகும். பிடியில் ஆளுக்கொரு நிற நூலைச் சுற்றி விடுங்கள், சிவப்பு அம்மாவுக்கு, பச்சை அப்பாவுக்கு என்று. காசைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள், டவுனுக்கு ஆட்டோ பிடித்துப் போய் மருந்தெடுத்து, இரண்டு நாள் பேரையும் விட்டால் எவ்வளவு போகும் என்று கணக்குப் பாருங்கள்.

அண்ணன்மார் சலூனுக்குப் போனால், கண்ணுக்கு முன்னால் புதுப் பிளேட் பிரித்துப் போடச் சொல்ல வேணும். நல்ல சலூன்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோயிலில் பிள்ளைக்கு முடி இறக்குகிறபோதும் இதே கதைதான். கதிர்காமத்துக்குப் போனாலும் நம்ம தோட்டத்துக் கோயிலில் செய்தாலும், வரிசையில் பத்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும். கத்தி ஒன்றாக இருக்கும். தேங்காய் பழத்தோடு ஒரு புதுப் பிளேட் பக்கெட்டையும் கொண்டு போங்கள். நேர்த்திக்கடனுக்கு அதனால் ஒரு குறையும் வராது.

சரி, எடுக்கிறதென்றால் எப்படி எடுப்பது?

நேரம் முக்கியம். காலையில் பிரட்டுக்குப் போகிற அவசரத்தில் செய்யவே கூடாது. நீங்கள் இடுப்பில் படங்கு கட்டுகிறீர்கள். மழையில் நனைந்து, அது தொடையிலும் அடிவயிற்றிலும் நாள் முழுக்க உரசுகிறது. அன்றைக்குக் காலையில் சவரம் பண்ணின தோல் அதைத் தாங்காது. சாயங்காலம் கொப்புளம் என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கதை இதுதான். காலில் முடி எடுத்தவர்கள் அட்டைக் கடிக்குப் பயந்து உப்பும் சவுக்காரமும் தடவிக்கொண்டு போவார்கள். எரிச்சல் தாங்காமல் பாதி மலையில் நின்றுவிடுவார்கள். மறுநாள் வேலை இல்லாத நாளாகப் பாருங்கள். சனிக்கிழமை சாயங்காலம், குளித்த பிறகு, நல்லது. மலையில் மருந்து அடிக்கிற அண்ணன்மாரும் கேளுங்கள். மருந்து அடிக்கப் போகிற அன்றைக்குக் காலையில் முகச்சவரம் வேண்டாம். வெட்டின தோல் வழியாக மருந்து உடம்புக்குள் கூடுதலாக இறங்கும். முந்தின நாள் சாயங்காலமே முடித்துவிடுங்கள்.

இடமும் வெளிச்சமும் அடுத்தது. பீலிக்கரையில் பாவாடையைக் கட்டிக்கொண்டு, யார் வருகிறார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு செய்தால் வெட்டத்தான் செய்யும். காம்பராக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு பேசினில் வெந்நீரும் துவாயும் சின்னக் கண்ணாடியும் வைத்துக்கொண்டு, கால் மணி நேரம் உட்காருங்கள். வீட்டில் உள்ளவர்கள் அந்தக் கால் மணி நேரத்தைப் பெண்பிள்ளைகளுக்குக் கொடுக்க வேணும். கதவைத் தட்டிக் கேலி பண்ணக் கூடாது.

நீளமான முடியை முதலில் கத்தரியால் குட்டையாக்குங்கள். வெந்நீரில் துணியை நனைத்து நாலைந்து நிமிஷம் ஒத்திப் பிடியுங்கள். முடி மெதுவாகிவிடும். கையில் சவுக்காரத்தை நுரைத்துப் பூசுங்கள். காய்ந்த தோலில் பிளேட் படவே கூடாது. வெறும் பிளேடையோ உடைத்த பாதியையோ விரலால் பிடிக்க வேண்டாம், ரேசரில் மாட்டின பிளேட்தான். ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்து, முடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகவே, அழுத்தாமல், சின்னச் சின்ன இழுப்பாக எடுங்கள். இரண்டு இழுப்புக்கு ஒருமுறை பிளேடைத் தண்ணீரில் அலசுங்கள். வழுவழுவென்று வர வேணும் என்று எதிர்ப்பக்கமாகத் திரும்பத் திரும்ப இழுக்கிறபோதுதான் முடி தோலுக்குக் கீழே வெட்டுப்பட்டு, பிறகு உள்ளுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து கட்டியாகிறது. கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால் இருக்கட்டும். மறைவிடத்தின் உள் மடிப்புகளுக்கு பிளேட் போகக் கூடாது.

முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் கழுவி, துவாயால் ஒத்தி எடுங்கள். தேய்க்க வேண்டாம். வாசனைப் பவுடர், சென்ட், தேசிக்காய்ச் சாறு, மஞ்சள் சுண்ணாம்பு ஒன்றும் வேண்டாம். தோல் காய்ந்து இழுத்தால் சுத்தமான தேங்காயெண்ணெய் ஒரு துளி போதும். அன்றைக்கு இரவு தளர்வான பருத்தி உடுப்புப் போடுங்கள். ரேசரை உதறிக் காயவைத்து, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

மஞ்சள் பூசினால் முடி உதிரும் என்று பாட்டிமார் சொல்வார்கள். மஞ்சள் நல்ல பொருள்தான், ஆனால் இருக்கிற முடியை வேரோடு எடுக்கிற சக்தி அதற்கு இல்லை. நாட்டு மருந்துக்கடையில் தாளகத்தைச் சுண்ணாம்போடு குழைத்துப் பூசச் சொன்னால் வாங்காதீர்கள். தாளகம் பாஷாணம், ஆர்சனிக் நஞ்சு. சீனியும் தேசிக்காய்ச் சாறும் காய்ச்சி ஒட்டி இழுக்கிற முறையை டிவியில் பார்த்துச் செய்கிறார்கள். காய்ச்சின சீனிப்பாகு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டே எரிக்கும். பிள்ளைகள் ஓடித் திரிகிற அடுப்படியில் அந்த விளையாட்டு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

பாமசியில் விற்கிற முடி எடுக்கிற கிரீம் பற்றி இரண்டு வார்த்தை. முடியைக் கரைக்கிற மருந்து அது. முடியும் மேல்தோலும் ஒரே வகைப் பொருளால் ஆனவை. அதனால் அதிக நேரம் வைத்தால் தோலையும் கரைக்கும். முதல் நாள் முழங்கைக்கு உட்பக்கம் கொஞ்சம் பூசி, சொல்லியிருக்கிற நிமிஷத்தில் கழுவிவிட்டு, ஒரு நாள் பாருங்கள். சிவந்தால், அரித்தால் அது உங்களுக்கு ஆகாது. எத்தனை நிமிஷம், எந்த இடத்துக்கு என்று பெட்டியில் இருக்கும். எழுத்து விளங்காவிட்டால் படிக்கிற பிள்ளையிடம் கொடுங்கள், அல்லது கிளினிக்குக்கு எடுத்து வாங்க. முகத்துக்கு என்று எழுதாத கிரீமை முகத்தில் போடக் கூடாது. மறைவிடத்துக்கும் அப்படியே. சவரம் பண்ணின அன்றைக்கும், புண் இருக்கிற இடத்திலும் வேண்டாம்.

கொப்புளம் வந்துவிட்டது, என்ன செய்வது? சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டுகள் என்றால் பயப்பட வேண்டாம். பிளேடை நிறுத்துங்கள். பொறுக்கிற சூட்டில் வெந்நீர்த் துணியால் பத்து நிமிஷம், ஒரு நாளைக்கு மூன்று நாலு தரம் ஒத்தடம் கொடுங்கள். நகத்தால் கிள்ளுகிறதும், ஊசியால் குத்தி முடியை இழுக்கிறதும், பிதுக்குகிறதும் கூடாது. கொஞ்ச நாளில் அடங்கிவிடும்.

ஆனால் சிவப்பு நாளுக்கு நாள் பரவினால், இடம் சுட்டால், கட்டி பெரிதாகி நடக்க முடியாமல் வலித்தால், சீழ் வந்தால், தொடை இடுக்கில் நெறி கட்டினால், காய்ச்சலோ குளிரோ வந்தால், அன்றைக்கே டிஸ்பென்சரிக்கு வர வேணும். சீனி வருத்தம் உள்ளவர்களும், பிள்ளைத்தாச்சிகளும், பிள்ளை பெற்றுக் கொஞ்ச நாளானவர்களும் சின்னக் கட்டி என்றாலும் காத்திருக்கக் கூடாது. "அந்த இடத்தை ஐயாவிடம் எப்படிக் காட்டுறது?" என்று ஒன்பது நாள் மறைத்து வைத்து, கடைசியில் ஆஸ்பத்திரியில் வெட்டிச் சீழ் எடுக்க வேண்டி வந்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். ஐயாவிடம் காட்ட வெட்கமென்றால் என்னைக் கூப்பிடுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன். அல்லது நான் பக்கத்தில் நிற்கிறேன். "இடுப்புக்குக் கீழே ஒரு கட்டி" என்று மட்டும் சொன்னால் போதும், மீதியை நாங்கள் விளங்கிக்கொள்வோம்.

இன்னொன்று. அரிக்கிறதே என்று சவரம் பண்ணுகிறவர்கள் உண்டு. வட்ட வட்டமாகப் படர்ந்து அரித்தால் அது படை. பிளேட் போட்டால் படை இன்னும் பரவும். இரவில் கூடுதலாக அரித்து, வீட்டில் நாலு பேரும் சொறிந்தால் அது சிரங்கு. முடி எடுத்தால் போகாது, வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூசினால்தான் போகும். இரண்டுக்கும் பாமசியில் கேட்டு வாங்குகிற ஏதோ ஒரு ட்யூப்பைப் பூச வேண்டாம். அரிப்பு அடங்கினமாதிரி இருந்து, உள்ளே கூடிவிடும்.

கடைசியாக, மீசை என்று எழுதின அந்த மகளுக்கு. நீ யாரென்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். வயசுக்கு வருகிற காலத்தில் மேல் உதட்டில் மெல்லிய முடி தெரிவது நிறையப் பிள்ளைகளுக்கு இருக்கிறது. சில குடும்பங்களில் அம்மாவுக்கும் பாட்டிக்கும் இருந்திருக்கும். அப்படியே விடலாம். மனசு கேட்காவிட்டால் சின்னக் கத்தரியால் வெட்டலாம், நூல் போட்டு எடுக்கலாம். நூல் போடுகிறவர் கை கழுவி, புது நூல் எடுக்க வேணும், வாயில் கடித்துப் பிடிக்கிற நூல் வேண்டாம். சவரம் பண்ணினாலும் முன்னே சொன்னமாதிரித் தடிப்பாக வளராது. ஆனால் உனக்கென்று புதுப் பிளேட்.

தாடையில் தடித்த கறுப்பு முடி வருகிறது, மாதவிலக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது, உடம்பு போடுகிறது, முகப்பரு கூடுகிறது என்றால் மட்டும் முடியை எடுத்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. சூலகத்தில் நீர்க்கட்டி என்று சொல்கிற ஹோர்மோன் கோளாறாக இருக்கலாம். மருந்து இருக்கிறது, பார்க்க வேணும். கலியாணமான பெண்ணுக்கு இப்படி இருந்தால் "ஆம்பிளை மாதிரி" என்று குத்திப் பேசுகிற வீடுகள் உண்டு. அது அவள் செய்த பாவமில்லை. அவளைக் கிளினிக்குக்கு அனுப்பி வையுங்கள், வீட்டுக்காரரையும் கூட வரச் சொல்லுங்கள்.

பாவித்த பிளேடை எங்கே போடுவது என்று ஒரு அக்கா இப்போது கேட்டார். நல்ல கேள்வி. கானிலும், லயத்துக்குப் பின்னால் குப்பையிலும், தேயிலைத் தூருக்குள்ளும் எறிகிறோம். வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளைக்கும், புல்லு வெட்டப் போகிற அக்காவின் கைக்கும் அதுதான் அகப்படுகிறது. ஒரு பால்மா டின்னின் மூடியில் பிளேட் போகிற அளவுக்குக் கீறல் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, உயரத்தில் வையுங்கள். உள்ளே போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. நிறையப் பல மாதம் ஆகும். நிறைந்தால் டிஸ்பென்சரியில் கொடுங்கள், ஊசிகளோடு சேர்த்து அனுப்பிவிடுவோம். அடுத்த கிளினிக் நாளுக்கு வெறும் டின் கொண்டு வருகிறவர்களுக்கு நானே கீறல் போட்டுத் தருகிறேன்.